குளிர்ந்த கடலும் பறவைத் தீவுகளும்

பெரு நாட்டின் தலைநகரான லீமா தெற்கு அட்சரேகை 12 டிகிரியில் அமைந்திருக்கிறது. ஏறத்தாழ அதே அட்சரேகையில், கண்டத்தின் மறுகரையில் உள்ள பிரேசில் நாட்டின் சால்வடோர் நகரம் ஆண்டுக்குச் சுமார் 200 சென்டிமீட்டர் மழையைப் பெற, லீமாவின் ஆண்டு மழையோ 2 சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. சூரியனின் உயரம் இரண்டு ஊர்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை ஆண்டீஸ் மலைத்தொடர் தடுத்துவிடுகிறது என்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். மற்றொரு காரணம் லீமாவின் வாசலில் ஓடும் கடல்நீரின் குளிர்ச்சி.

பெருவின் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒரு குளிர் நீரோட்டம் செல்கிறது. கரைக்கு இணையாக வீசும் தென்கிழக்குக் காற்று மேற்பரப்பு நீரைத் தள்ள, புவிச் சுழற்சியின் விளைவாக அந்நீர் இடப்புறம் திரும்பி ஆழ்கடலை நோக்கி விலகிச் செல்கிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் எழுந்து வருகிறது. ஆழ்நீர் மேலெழுச்சி எனப்படும் இந்நிகழ்வு இருவேறு பயன்களை ஒரே நேரத்தில் விளைவிக்கிறது. குளிர்ந்த நீர் தன்மேல் படியும் காற்றையும் குளிர்வித்துவிடுவதால், கீழே குளிர்ந்த கனமான காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக நின்றுவிடுகின்றன. வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று வானிலையியலார் சொல்லும் இந்த அமைப்பில் காற்று உயரே எழும்பி மழைமேகமாகத் திரள வழியில்லை என்பதால், கரைக்குக் கிடைப்பது குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கவிந்திருக்கும் மூடுபனியும் அதன் மென்தூறலும் மட்டுமே. மறுபுறம், ஆழத்திலிருந்து வரும் நீர் ஊட்டச்சத்துகளைச் சுமந்து வருவதால் மிதவை நுண்ணுயிர்கள் பெருகி, அவற்றை உண்டு நெத்திலி மீன்கள் திரண்டு, அந்த மீன்களை நம்பி நீர்க்காகம், கூழைக்கடா, பூபி ஆகிய கடற்பறவைகள் லட்சக்கணக்கில் கரையோரத் தீவுகளில் குடியேறின.

மழையின்மையும் மீன்வளமும் ஒரே நீரின் விளைவுகள் என்பதை மனத்தில் இருத்தினால்தான் குவானோ வணிகத்தின் வரலாறு விளங்கும். குவானோ என்பது இப்பறவைகளின் எச்சம் நூற்றாண்டுகளாகக் குவிந்து இறுகிய படிவு. மழை பெய்யும் தீவுகளில் எச்சத்தின் தழைச்சத்து கரைந்து கடலில் கலந்துவிட மணிச்சத்தே பெரும்பாலும் எஞ்சும். பெருவில் கழுவிச் செல்ல மழை இல்லாததால் இரண்டும் தங்கின. பிஸ்கோ துறைமுகத்துக்கு எதிரே உள்ள சின்ச்சா தீவுகளில் இப்படிவு சில இடங்களில் 40 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது.

இன்கா அரசு இதன் மதிப்பை நன்கு அறிந்திருந்தது. தீவுகள் மாகாணவாரியாகப் பங்கிடப்பட்டிருந்தன என்றும், பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் அங்கே கால்வைப்பவர்களுக்கு மரண தண்டனை இருந்தது என்றும் 1609இல் வெளியான தம் நூலில் வரலாற்றாசிரியர் கார்சிலாசோ தெ லா வேகா எழுதுகிறார். ஸ்பானிய ஆட்சி வெள்ளியைத் தேடியதே தவிர இந்த உரத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1802இல் லீமாவுக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், கரையோரக் கடல்நீர் அந்த அட்சரேகைக்குப் பொருந்தாத அளவு குளிர்ந்திருப்பதை வெப்பமானியால் அளந்து பதிந்ததோடு, குவானோவையும் ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார். நீரோட்டத்துக்குத் தம் பெயர் சூட்டப்பட்டதை அவர் ஏற்கவில்லை. அக்கரையின் மீனவர்கள் முந்நூறு ஆண்டுகளாக அறிந்திருந்ததைத் தாம் அளந்து மட்டுமே பார்த்ததாக அவர் கருதினார். அறிவுலகில் அரிதாகவே காணப்படும் நேர்மை இது.

1840இல் ஏற்றுமதி தொடங்கி அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்ட குவானோ பிரிட்டன் முதலிய நாடுகளின் வயல்களுக்குச் சென்றது. பெரு அரசின் வருவாயில் பாதிக்கும் மேல் அதிலிருந்து வந்த ஆண்டுகள் உண்டு. 1854இல் அடிமைமுறையை ஒழித்தபோது உடைமையாளர்களுக்குத் தரப்பட்ட இழப்பீட்டுக்கும் அதுவே பணம் தந்தது. ஆனால் அந்தப் பணத்தைத் தோண்டி எடுத்தவர்களின் நிலை அடிமைத்தனத்திலிருந்து வெகுதூரம் விலகியதன்று. 1849க்கும் 1874க்கும் இடையே பெருவுக்குக் கொண்டுவரப்பட்ட சீன ஒப்பந்தக் கூலிகள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களில் சின்ச்சாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் அம்மோனியா நெடியும் தூசியும் நிறைந்த வெயிலில் சாட்டைக்கு அஞ்சி வேலை செய்தார்கள், பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களைச் சேர்க்காமல் எழுதப்படும் குவானோ வரலாறு முழுமையானதாகாது. 1864இல் ஸ்பெயின் இத்தீவுகளைக் கைப்பற்ற, அதன் தொடர்ச்சியாக ஒரு போரே நடந்தது. 1870களில் சின்ச்சாவின் பழைய படிவு தீர்ந்துபோயிற்று. தோண்டலின் இரைச்சலில் கூடு கட்ட இடமின்றிப் பறவைகளும் குறைந்தன.

1909இல் அரசு குவானோ நிர்வாக நிறுவனத்தை அமைத்து, தீவுகளுக்குக் காவல் போட்டு, இனப்பெருக்கக் காலத்தில் ஆட்கள் நுழைவதைத் தடை செய்தது, ஏறக்குறைய இன்காக்களின் ஏற்பாட்டுக்கே திரும்பிச் சென்றதாயிற்று. பறவைகள் பெருகின. எனினும் காவலாளிகளால் தடுக்க முடியாத ஓர் இடர் இருந்தது. சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸை அடுத்து வடக்கிலிருந்து ஒரு வெதுவெதுப்பான நீரோட்டம் இறங்கி வருவதைப் பைட்டா துறைமுக மாலுமிகள் குழந்தை இயேசுவைக் குறிக்கும் எல் நினோ என்ற பெயரால் வழங்கினர். 1891இல் வடபெரு மழையால் சீரழிந்தபின், 1892இல் கமிலோ கரிய்யோ என்ற கடற்படை அதிகாரி அதை லீமா புவியியல் கழகத்தின் வழியே அறிவுலகுக்கு எடுத்துரைத்தார். 1925இல் கடல் மறுபடியும் வெப்பமடைந்தபோது மண்சுவர் வீடுகள் நிறைந்த ட்ரூஹியோ நகரில் வெள்ளம் புகுந்தது. வெப்பநீரால் நெத்திலி விலகிச் செல்லப் பறவைகள் பசியால் கரைநெடுகச் செத்து ஒதுங்கின. மழையற்ற வானும் மீன்நிறைந்த கடலும் ஒரே குளிர்ச்சியைச் சார்ந்தவை என்பதால், குளிர்ச்சி நீங்கியபோது இரண்டும் ஒருசேரப் பொய்த்தன.

இக்கோளாறு பெருவின் எல்லையோடு நிற்பதன்று என்பது தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வதைத்த பெரும் பஞ்சத்தின் நடுவில், 1877இல், பசிபிக்கில் வலிமையான எல் நினோ நிகழ்ந்தது. அன்று அத்தொடர்பை அறிந்தவர் எவருமில்லை. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலை ஆய்வுத்துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்கணிக்கும் முயற்சியில், பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடலில் இறங்குவதையும் அதன் மறுதலையையும் கண்டு அதற்குத் தென் ஊசலாட்டம் எனப் பெயரிட்டார். அந்த ஊசலாட்டமும் பெருவின் வெப்பக் கடலும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதை 1969இல் வானிலையியலாளர் யாக்கோப் பியர்க்னஸ் விளக்கினார்.

அதற்குள் பெருவில் மீன்தூள் ஆலைகள் பெருகி, பறவைகளின் உணவையே மனிதர் அள்ளத் தொடங்கியிருந்தனர். 1970இல் 1.2 கோடி டன்னை எட்டிய நெத்திலிப் பிடிப்பு, 1972இன் எல் நினோவுக்குப் பின் 1973இல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே சரிந்தது. 1950களில் 2 கோடிக்கும் மேலிருந்த பறவைகளின் எண்ணிக்கை அந்த உயரத்தை மீண்டும் எட்டவில்லை. 2009இல் குவானோத் தீவுகள் தேசியக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. இன்றும் அங்கே தீவுகள் முறைவைத்துத் திறக்கப்பட்டு, மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் உரம் வெட்டி மூட்டையாக்கப்படுகிறது.