சீட்டெடுத்துக் கண்ட உண்மை



ஒரு நோய்க்கு மருந்து கிடைத்தது என்றதும், யாரோ ஓர் அறிஞர் ஒரே நாளில் அதைக் கண்டுபிடித்தார் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயின் வரலாறு அவ்வாறு அமையவில்லை.

முன்னாளில் இந்நோய் கண்ட குழந்தை சில திங்களில் மறைவதே வழக்கம். 1948ஆம் ஆண்டு பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேர் தேறினர் என்று அறிவித்தார். அம்மருந்தை ஆக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற யெல்லாப்ரகட சுப்பாராவ். ஆயினும் தேறிய குழந்தைகளை நோய் மீண்டும் பற்றியது.

நோய் தணிந்த பின்னும் மருந்தைத் தொடர்வதால் பயன் உண்டா? ஒரு குழந்தைக்கு நோய் விரைவில் திரும்பும். மற்றொன்றுக்கு மெல்லத் திரும்பும். ஆகவே கண்ணால் கண்டு மட்டும் விடை சொல்ல இயலவில்லை. அமெரிக்க மருத்துவர் சிலர், நோய் தணிந்த 42 குழந்தைகளை 21 இணைகளாக்கினர். ஒவ்வோர் இணையிலும் ஒரு குழந்தைக்கு மெர்காப்டோப்யூரின் மருந்து. மற்றதற்கு அதே தோற்றமுடைய வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பதைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையால் முடிவு செய்தனர்.

"என் பிள்ளையின் உயிரைச் சீட்டுக்கு விடுவதா?" என்று பெற்ற மனம் கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் எது நல்லதென்று ஒருவருக்கும் தெரியாதபோது, மருத்துவர் தம் ஊகத்தால் கொடுப்பதும் ஒருவகைச் சீட்டே. அந்தச் சீட்டினால் அடுத்த குழந்தைக்குப் பயன் விளைவதில்லை.

இணைகளின் முடிவுகளை உடனுக்குடன் கணக்கிட்டு வந்தனர். 18 இணைகளில் மருந்து பெற்ற குழந்தையே நெடுநாள் நலமாயிருந்தது. விடை தெளிந்ததும் சீட்டெடுப்பதை நிறுத்தினர். வெறும் மாத்திரை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு 8 வாரங்களுக்குள் நோய் திரும்பிற்று; மருந்து பெற்றவர்களில் இந்த எல்லை 23 வாரமாக நீண்டது. 1963ஆம் ஆண்டு இம்முடிவு வெளியாயிற்று.

இவ்வாறு ஒரு சிகிச்சையை மற்றொன்றோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே மருத்துவர் படியேறினர். மெம்பிஸ் நகரில் டொனால்ட் பிங்கெல், பல மருந்துகளைச் சேர்த்தும், மூளையில் ஒளிந்த நோயை முன்கூட்டியே தாக்கியும், 1970ஆம் ஆண்டை ஒட்டிப் பாதிக் குழந்தைகளைக் காத்தார். இன்று செல்வ நாடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 குழந்தைகள் பிழைக்கின்றனர்.

நம் நாட்டிலும் 1984ஆம் ஆண்டு முதல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி அகில இந்திய மருத்துவக் கழகம், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகிய மூன்றும் எம்.சி.பி. 841 என்னும் ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. அதனால் முடிவுகளை ஒருங்கே ஆராய முடிந்தது.

பிழைப்புக்காகப் பிற மாநிலங்களில் வாழும் நாம் இதில் அறியவேண்டுவது ஒன்று உண்டு. இச்சிகிச்சை இரண்டாண்டுக்கும் மேல் நீளும். குழந்தை ஓடியாடத் தொடங்கியதும், இனிப் போதும் என்று ஊருக்கு மூட்டை கட்டத் தோன்றும். வெறும் மாத்திரை பெற்ற அந்தக் குழந்தைகளும் அன்று நலமாகவே காணப்பட்டனர். நோயோ உள்ளே காத்திருந்தது. முடியும்வரை மருந்தை நிறுத்தலாகாது என்பதே அவர்கள் நமக்குக் கற்பித்த பாடம்.