முதல் நோயாளியின் சுவாசப்பை

1904ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சிக்காகோவின் பிறெஸ்பிற்றேரியன் வைத்தியசாலைக்கு இருபது வயது மாணவர் ஒருவர் இருமலும் காய்ச்சலுமாக வந்து சேர்ந்தார். கிரெனடாத் தீவிலிருந்து பல்வைத்தியம் கற்கச் சென்றிருந்த வோல்ற்றர் கிளெமென்ற் நோயெல் என்பவரே அவர். பயிற்சி வைத்தியரான ஏர்ணெஸ்ற் அயன்ஸ் அவரது குருதியை நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது, வட்டமாயிருக்க வேண்டிய செங்குழியங்களுட் பல நீண்டு வளைந்து அரிவாள் வடிவிற் காணப்பட்டன. பேராசிரியர் ஜேம்ஸ் ஹெரிக் இதனை 1910இல் கட்டுரையாக வெளியிட்டார். மேலைத்தேய மருத்துவத்தில் அரிவாட்கல நோயின் வரலாறு இக்கட்டுரையுடனேயே தொடங்குகின்றது. நோயாளியின் பெயர் அதில் இல்லை; அவர் யாரென்பதை 1989இல் வெளிவந்த ஆய்வொன்றே உலகறியச் செய்தது.

இவ்வரலாற்றைக் கூறுவோர் அரிவாள் வடிவத்தைக் கூறுமளவுக்கு அந்த இருமலைக் கூறுவதில்லை. ஆயின் நோயெலின் வாழ்வை முடித்ததும் மார்பு நோயே. 1907இல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிப் பல்வைத்தியராகத் தொழில் புரிந்த அவர், 1916இல் நியூமோனியாவினால் மரணமானார். அப்போது அவருக்கு வயது 32.

இந்நோயில் ஈமோகுளோபின், ஒட்சிசனை இழந்ததும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு செங்குழியத்தை விறைப்பாக்குகின்றது. விறைத்த குழியங்கள் நுண்ணிய குருதிக் குழாய்களை அடைக்கின்றன. வேறு உறுப்பில் அடைப்பு நேர்ந்தால் அவ்வுறுப்பே பெரிதும் வருந்தும். சுவாசப்பையில் நேர்ந்தாலோ ஒட்சிசன் பெறும் வாயிலே குறுகிவிடுகின்றது. அதனால் மேலும் குழியங்கள் வளைய, அடைப்பு மேலும் வளர்கின்றது. தொற்றும், சிதைந்த என்புமச்சையிலிருந்து குருதியோடு வரும் கொழுப்பும் இதனைத் தூண்டவல்லன. முடியுரு நாடி அடைப்பை 1912இல் தெளிவுற விளக்கிப் புகழ்பெற்றவரும் இதே ஹெரிக் தான் என்பது எண்ணத்தக்கது. இதயத்தில் அடைப்பைக் கண்ட அவருக்கு, நோயெலின் மார்பிலும் அதனைத் தேடும் எண்ணம் எழவில்லை. அவரைக் குறைகூறல் தகாது. ஈமோகுளோபினின் பிறழ்வே 1949இற்றான் வெளிப்பட்டது.

தொற்றினால் வரும் நியூமோனியாவையும் குழாயடைப்பினால் வரும் சிதைவையும் நோயாளியின் படுக்கையருகில் நின்று பிரித்தறிதல் அரிதாகையால், 1979இல் சாமுவேல் சராச்சியும் உடனாய்வாளரும் இரண்டையும் அடக்கித் 'தீவிர மார்புக் கூட்டறிகுறி' என்னும் பெயரை முன்மொழிந்தனர். பெயர் மாற்றம் சிகிச்சையையும் விரிவாக்கிற்று: நுண்ணுயிர்க்கொல்லி மட்டுமன்றி, ஒட்சிசனும் குருதி மாற்றீடும் அதன் பகுதிகளாயின. 1995இல் வெளியான ஆய்வு, ஐதரொட்சியூரியா என்னும் மருந்து இத்தாக்குதல்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதை நிறுவிற்று. எனினும் இந்நோயுள்ள வளர்ந்தோரின் இறப்புக்கு மார்புத் தாக்குதல் இன்றும் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகவே உள்ளது.