சாதாரண வருஷத்து மேஷ ராசிக்காரன்

சித்தூர் மாவட்டத்துக்குப் பிறந்த தேதி உண்டு. பிறந்த நேரம் கிடையாது. 1911 ஏப்ரல் 1, சனிக்கிழமை. நேரத்தைக் குறித்து வைக்க அங்கே மருத்துவச்சியா இருந்தாள்? சென்னை ராஜதானி அரசாங்கத்தின் உத்தரவு ஒன்றுதான் பிரசவம் பார்த்தது. இருந்தாலும் ஒரு விளையாட்டுக்காக அந்த நாளுக்கு ஜாதகம் போட்டுப் பார்த்தேன். போட்டபின் விளையாட்டாக விட்டுவிட முடியவில்லை.

மார்ச் 30 மாலை அமாவாசை முடிகிறது. 31 பிரதமை. ஏப்ரல் 1 காலை துவிதியை, அசுவினி நட்சத்திரம், மேஷ ராசி. இங்கிலீஷ் பத்திரிகைகளின் ராசிபலனைத் திறந்தாலும் ஏப்ரல் 1-இல் பிறந்தவர்களுக்கு ஏரீஸ், அதாவது மேஷம்தான். இரண்டும் ஒத்துப்போவது தற்செயல். அவர்கள் பார்ப்பது சூரியன் நிற்கும் ராசியை. நாம் பார்ப்பது சந்திரனை. சூரியனையே எடுத்துக்கொண்டாலும் நம் பஞ்சாங்கத்தில் அன்றைக்கு அவர் மீனத்தில்தான் இருப்பார், பங்குனி மாதமல்லவா! மேல்நாட்டார் மார்ச் மாதம் பகலும் இரவும் சமமாகும் புள்ளியிலிருந்து ராசிகளை எண்ணுகிறார்கள். நம்மவர்கள் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறார்கள். இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் இடையே விழுந்த இடைவெளிக்கு அயனாம்சம் என்று பெயர். 1911-இல் அது ஏறக்குறைய 23 பாகை, இன்றைக்கு 24 பாகை. அதனால் ஏப்ரல் முதல் வாரத்துக் குழந்தைகள் எல்லோருமே இங்கிலீஷில் ஏரீஸ், நம் சூரியக் கணக்கில் மீனம். சித்தூருக்கு மட்டும் சந்திரன் வந்து கைகொடுத்து மேஷம் ஆக்கிவிட்டது.

மேஷக்காரர்களைப் பற்றி இரு தரப்பும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்: முன்கோபம், அவசரம், எதிலும் முதல் ஆளாக நிற்கும் வேகம். அசுவினிக்குக் கூடுதலாக ஒரு விசேஷம் உண்டு. அதில் பிறந்தவர்களுக்கு முதலில் நடப்பது கேது திசை. கேது பிரித்துவிடுவான் என்பார்கள் ஜோசியர்கள். ராகு கேது பரிகாரத்துக்கு நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் வரிசையில் நிற்கும் ஸ்ரீகாளஹஸ்தியும் அன்று இந்த மாவட்டத்துக்குள்தான் வந்து சேர்ந்தது. கேது திசைக்காரன் வீட்டுக்குள்ளேயே பரிகார ஸ்தலம்!

வருஷத்தில்தான் வேடிக்கை. தமிழ்க் கணக்கில் அது சாதாரண வருஷம். சித்திரை பிறக்க இன்னும் இரண்டு வாரம் பாக்கி. தெலுங்குக்காரர்களுக்கோ முந்தின நாளே உகாதி முடிந்து விரோதிகிருது வருஷம் பிறந்துவிட்டது. தாலுகா ஆபீஸ் கணக்குப்பிள்ளையின் பதிவேட்டில் ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டு, 1320. கலெக்டர் மேஜையில் 1911. ஒரே சனிக்கிழமை, நான்கு வருஷங்கள். தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் பேரம் பேசும் பூமிக்கு இதைவிடப் பொருத்தமான பிறந்தநாள் வாய்த்திருக்காது.

யாரும் நாள் பார்த்து இதைக் குறிக்கவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். பிரிட்டிஷ் இந்திய அரசின் நிதியாண்டு முதலில் மே 1-இல் தொடங்கி ஏப்ரல் 30-இல் முடிந்துகொண்டிருந்தது. 1867 முதல் அது ஏப்ரல் 1-க்கு மாறியது. அதற்குப்பின் சர்க்கார் வீட்டுப் பிரசவங்களில் பல அந்தத் தேதியில்தான். ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1. ஒரிசாவும் சிந்துவும் தனி மாகாணங்களானது 1936 ஏப்ரல் 1. பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரல் 1. மார்ச் 31-இல் பழைய கணக்கை மூடிவிட்டு மறுநாள் புதுப் பேரேடு திறப்பது குமாஸ்தாவுக்குச் சௌகரியம். முட்டாள்கள் தினம் என்ற கேலி அவர்கள் காதில் ஏறவே இல்லை போலிருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு அங்கங்கள் வந்தது இரண்டு வீடுகளிலிருந்து. வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், பலமனேர், திருப்பதிப் பகுதிகள்; கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு; இவற்றோடு பீலேர், புங்கனூர், காளஹஸ்தி, புத்தூர், கார்வேட்டிநகரம் என்று ஜமீன் நிலங்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. சித்தூர் நகரம் அதுவரைக்கும் வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகரம். தனிக்குடித்தனம் போன பிள்ளை நடுவீட்டையும் எடுத்துக்கொண்டு போனால் மிச்சமிருப்பவர்கள் என்ன செய்வார்கள்? வட ஆற்காடு வேலூரில் வீடு பார்த்துக்கொண்டது. வேலூரில் கலெக்டர் ஆபீஸ் வந்த கதையும் இந்தத் தேதியில்தான் தொடங்குகிறது. சித்தூருக்குப் போய்ப் பழகிய வட ஆற்காட்டு மிராசுதார்கள் அதன்பின் மனுக்களைச் சுருட்டிக்கொண்டு வேலூருக்கு வண்டி கட்டியிருப்பார்கள்.

மதனப்பள்ளி என்றதும் இன்னொரு தேதி குறுக்கே வருகிறது. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் அது. அவர் பிறந்த தேதியை 1895 மே 11 என்று எழுதுகிறவர்களும் உண்டு, மே 12 என்று எழுதுகிறவர்களும் உண்டு. இருவரும் சொல்வது சரிதான். நள்ளிரவு தாண்டி அரைமணி நேரத்தில் பிறந்தார். வெள்ளைக்காரக் கணக்கில் தேதி மாறிவிட்டது. நம் கணக்கில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். அவர் பிறந்தபோது கடப்பை மாவட்டமாக இருந்த ஊர், 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் மாவட்டமானது. அதே ஏப்ரலில் அவர் தம்பி நித்யாவோடு பம்பாயில் கப்பலேறி முதன்முறை இங்கிலாந்துக்குப் போனார். எட்டு வருஷம் கழித்து, 1919 பிப்ரவரி 28-இல், தாகூர் மதனப்பள்ளி தியாசபிகல் கல்லூரியில் தங்கியிருந்தபோது ஜன கண மன பாடலை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். இந்த மாவட்டத்துக்குத் தேதி ராசி நன்றாகவே இருந்திருக்கிறது.

கேது வேலையைக் காட்டியது மொழிவாரி மாநிலங்கள் வந்தபிறகு. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் முழுசாக அங்கே போனது. வடவேங்கடம் தமிழகத்தின் வடக்கெல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் முதல் படித்து வளர்ந்தவர்களுக்கு அது ஆறாத வலி. மா.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் எல்லைப் போராட்டம் நடத்தியது. திருத்தணிப் பக்கம் மங்கலங்கிழார் ஊர் ஊராகப் போய்த் தமிழ் உணர்வை எழுப்பினார். மத்தியஸ்தராக எச்.வி. படாஸ்கர் வந்தார். அவர் சொன்னதை ஒட்டி 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களின் வடபகுதிக் கிராமங்கள் அங்கே போய்ச் சத்தியவேடு ஆயின. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. இதில் யாருக்கு லாபம் என்று இன்னும் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் ஆர்வமில்லை. இந்தக் கைமாற்றம் அமலுக்கு வந்த தேதிதான் எனக்கு வேண்டும். 1960 ஏப்ரல் 1.

மாவட்டம் பிறந்த அதே தேதியில் அதன் ஒரு கை அறுபட்டது. 49 வயது நிறைந்த நாள். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் அப்போது துணைக் குடியரசுத் தலைவர். அவர் பிறந்தபோது ஊர் வட ஆற்காட்டில். அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தபோது சித்தூர் மாவட்டத்தில். டெல்லியில் இருக்கும்போது செங்கல்பட்டில். மனிதர் எங்கும் குடிபோகாவிட்டாலும் ஊர் போய்க்கொண்டே இருந்திருக்கும். கைமாற்றம் நடந்த அந்த நாள் வெள்ளிக்கிழமை. அமெரிக்கா டைரோஸ்-1 என்ற முதல் வானிலைச் செயற்கைக்கோளை ஏவியதும் அன்றைக்குத்தான். மேலேயிருந்து மேகங்களைப் படம்பிடித்த அந்தக் கண்ணுக்கு இந்தப் புதுக் கோடு தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்த வெட்டு 2022-இல். ஆந்திரத்தில் 13 மாவட்டங்களை 26 ஆக்கினார்கள். திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சந்திரகிரியும் காளஹஸ்தியும் சத்தியவேடும் அதோடு போயின. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. இந்த முறை குமாஸ்தாவின் பேரேடு தோற்றுவிட்டது. முதலில் உகாதிக்கே, அதாவது ஏப்ரல் 2-க்கே, திறப்பதாகப் பேச்சு. கடைசியில் ஏப்ரல் 4 திங்கட்கிழமை, காலை 9:05-லிருந்து 9:45-க்குள் என்று முகூர்த்தம் குறித்தார்கள். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. ஐந்து நிமிஷம் இடைவெளி விட்டுப் பிறக்கவைத்திருக்கிறார்கள். 1911-இன் சனிக்கிழமைக்கு ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. சர்க்கார் ஆபீஸ் திறந்து பேனாவை மையில் தோய்க்கும் நேரம்.

திருப்பதி மாவட்டத்துக்கு நெல்லூரிலிருந்து சூளூர்பேட்டைப் பக்கமும் வந்தது, அதோடு ஸ்ரீஹரிகோட்டாவும். அங்கிருந்து 2019 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.எல்.வி. சி-45 கிளம்பியிருக்கிறது; எமிசாட்டோடு வெளிநாட்டுச் செயற்கைக்கோள்கள் 28. அன்றும் திங்கட்கிழமை. ஏவிய நேரம் காலை 9:27.