கோழிக்கு வந்த கொள்ளை நோய்

விருந்தாளிக்காகத் தீயில் விழுந்த புறாவின் கதை நமக்குத் தெரியும். தான் செத்துப் பக்கத்துக் கோழிகளைக் காப்பாற்றிய கோழிகளின் கதையும் ஒன்று உண்டு. அது புராணமல்ல, 2011-ல் விஞ்ஞானிகள் எழுதிய கட்டுரை.

1878-ல் வட இத்தாலியில் கோழிகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. பெர்ரொஞ்சித்தோ என்ற பேராசிரியர் அந்தக் கொள்ளை நோயைக் குறித்து வைத்தார். மனிதனைக் காய்ச்சலில் படுக்க வைக்கும் இன்ஃப்ளூயென்ஸா வைரஸின் வர்க்கமே அது என்று தெரிவதற்கு 1955 ஆகிவிட்டது. உறவுமுறை தெரிய எழுபத்தேழு வருஷம்!

1997-ல் ஹாங்காங்கில் அந்த உறவு விபரீதமாயிற்று. கோழிக் காய்ச்சல் பதினெட்டு மனிதர்களைப் பற்றியது. ஆறு பேர் இறந்தார்கள். அவ்வருஷக் கடைசி நாட்களில், அந்த நகரத்துக் கோழிகள் அத்தனையும், பத்து லட்சத்துக்கு மேல், கொல்லப்பட்டன. நோயுற்றது எது, உறாதது எது என்று பார்க்க அவகாசமில்லை. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரியென்று சொல்லவும் நா எழவில்லை.

தடுப்பூசி இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் இந்த வைரஸ் அடிக்கடி சட்டையை மாற்றிக்கொள்கிறது. பழைய ஊசிக்குப் புது வேஷம் அடையாளம் தெரிவதில்லை. ஆகவே, கோழியையே மாற்றினால் என்ன என்ற யோசனை பிறந்தது.

கேம்பிரிட்ஜ்காரர்களும், டாலி என்ற ஆட்டுக்குட்டி 1996-ல் பிறந்த ராஸ்லின் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து வேலை செய்தார்கள். வைரஸுக்குத் தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ள ஒரு யந்திரம் உண்டு. அதை ஏமாற்றிப் பிடித்துக்கொள்ளும் போலித் துண்டு ஒன்றைக் கோழியின் உடம்பே தயாரிக்கும்படி ஒரு ஜீனைப் புகுத்தினார்கள். பிறகு வைரஸை ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்ட கோழிகள் மாண்டன. ஆனால் அவற்றோடு சேர்ந்திருந்த கோழிகளுக்கு, ஜீன் புகுத்தாத சாதாரணக் கோழிகளுக்குக்கூட, நோய் பரவவில்லை. புறா தானாக விழுந்தது. இந்தக் கோழிகளை யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2023-ல் வந்த முயற்சி வேறு மாதிரி. வைரஸ் கோழியின் உயிரணுவுக்குள் பெருக வேண்டுமானால், அங்குள்ள ஏ.என்.பி.32ஏ என்ற புரதத்தை இரவல் வாங்கியாக வேண்டும். புதிதாக எதையும் புகுத்தாமல், அந்தப் புரதத்தில் இரண்டே இடங்களை மட்டும் திருத்தினார்கள். பத்துக் கோழிகளில் ஒன்பதை நோய் தொடவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் கவனித்தும் கோழிகளுக்கு வேறு கோளாறு எதுவும் தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் வெற்றி விழா எடுத்திருக்கலாம். அவர்கள் நிறுத்தாததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வைரஸை ஆயிரம் மடங்காக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஐந்து கோழிகள் நோயில் விழுந்தன. அவற்றிலிருந்து எடுத்த வைரஸ் உருமாறியிருந்தது. திருத்திய புரதத்தையே பயன்படுத்தப் பழகியிருந்தது; அதை அடியோடு நீக்கினாலோ, அதே குடும்பத்து வேறிரண்டு புரதங்களிடம் போய் இரவல் கேட்டது.

மூன்றையும் நீக்கிய கோழி உயிரணுக்களில் வைரஸ் பெருகவே இல்லை. ஆனால் அவை ஆராய்ச்சிசாலைக் கிண்ணத்தில் வளர்ந்தவை. அந்த மூன்று புரதங்களும் வைரஸுக்கு இரவல் கொடுப்பதற்காகக் கோழியின் உடம்பில் இருப்பவையல்ல. கோழிக்கே அவற்றால் வேலை இருக்கிறது.