ஒரே ஸ்டேஷன், ரெண்டு பில்

இந்த எபிசோடில் நான் பேசப்போறது நியூயார்க் சப்வேயில் இருக்கும் சவுத் ஃபெர்ரி ஸ்டேஷனைப் பற்றி. மன்ஹாட்டனின் தெற்கு முனை, பக்கத்திலேயே கடல். 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2009-ல் புதுசா திறந்தாங்க. 2012 அக்டோபர் 29 ராத்திரி சாண்டி புயல் வந்தது. ஸ்டேஷன் உப்புத் தண்ணியில் மூழ்கிடுச்சு. அதுக்கு வயசு மூன்றரை வருஷம்தான்.

அதே ராத்திரி ஈஸ்ட் ரிவருக்கு அடியில் போகும் ஏழு சப்வே சுரங்கங்களில் வெள்ளம் புகுந்தது. தண்ணியை இறைச்சு, கொஞ்சம் கொஞ்சமா ரயில்களை ஓடவிட்டாங்க. ஆனா உப்பு போகலை. கேபிள், சிக்னல் கருவிகள், கான்கிரீட் எல்லாத்தையும் அரிச்சுக்கிட்டே இருந்தது. எல் லைன் சுரங்கத்தில் பெரிய பழுதுவேலை தொடங்கியதே 2019-ல்தான்.

இதில் என்னை யோசிக்க வைத்தது பணத்தோட கதை. புயலுக்கு மூணு மாசம் முன்னாடி, ஜூலையில், பொதுப் போக்குவரத்துக்கென்றே ஒரு பேரிடர் நிவாரணத் திட்டத்தை அமெரிக்க அரசு சட்டமாக்கியிருந்தது. உண்டியல் ரெடி, உள்ளே காசு இல்லை. 2013 ஜனவரியில்தான் சுமார் 1,090 கோடி டாலர் ஒதுக்கினாங்க.

நிவாரணம்னா பெரும்பாலும் உடைஞ்சதைப் பழையபடி கட்டுவதுதான். இந்தத் தடவை, அடுத்த புயலைத் தாங்குற மாதிரி மாற்றவும் ஒரு பங்கு கிடைத்தது. 2014-ல் அதற்கென்றே சுமார் 360 கோடி டாலரைப் பிரித்துக் கொடுத்தாங்க. ஆனா சாண்டி அடிக்காத ஊர்களுக்கு அதில் பங்கு கிடையாது.

சவுத் ஃபெர்ரியில் 1905-ல் கட்டிய பழைய ஸ்டேஷனை 2013-ல் திரும்பத் திறந்து சமாளிச்சாங்க. புதுசு 2017-ல்தான் மறுபடி திறந்தது. வாசல்களில் இழுத்து மூடும் வெள்ளத் தடுப்புகள் வந்தன, காற்றுத் துளைகளையும் மேன்ஹோல்களையும் பலப்படுத்தினாங்க. இந்த ரெண்டாவது பில் 30 கோடி டாலருக்கு மேல்.

அந்த முனையில் கடல்மட்டம் நூறு வருஷத்தில் சுமார் ஒரு அடி ஏறியிருந்தது ரகசியம் இல்லை. ஆனா வெள்ளத் தடுப்பு ஒழுங்கா வேலை செய்தால் ஒண்ணுமே நடக்காது. நடக்காத ஒன்றைக் காட்டி எந்த அரசியல்வாதியும் ரிப்பன் வெட்ட முடியாது.

2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில், புயல் அடிக்கும் வரை காத்திருக்காமலே பணம் தரும் ஒரு திட்டம் வந்தது. ஐந்து வருஷத்துக்குச் சுமார் 870 கோடி டாலர், நாடு முழுக்க, சாலை, துறைமுகம், பஸ், ரயில் எல்லாத்துக்கும் சேர்த்து. ஒரே ஒரு புயலுக்குப் பிறகு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மட்டும் ஒதுக்கியது அதைவிட அதிகம். இந்த ரெண்டு எண்களை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.