சித்த சுவாதீனம் என்ற ஒரு சொல்

எங்கள் சித்தூர்ப் பக்கம் யார் உயில் எழுதினாலும் தொடக்கத்திலேயே அந்த வாக்கியம் வந்துவிடும். பூரண ஞாபகத்துடனும் சித்த சுவாதீனத்துடனும் எழுதி வைத்தது என்று. தெலுங்கில் எழுதினால் அந்த இடத்தில் "மதிஸ்திமிதம்" என்று வரும். இரண்டு பாஷையும் புழங்கும் ஊர்கள். எந்த பாஷையானாலும் அந்த வரியை யாரும் நின்று படிப்பதில்லை. வங்கியில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், கையெழுத்துக்கு உயிர் கொடுப்பதே அந்தச் சொல்தான்.

போன மாதம் இங்கே மஸ்கட்டில் ஒரு நண்பர் கேட்டார். "சார், திருப்பதியில தம்பியை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். நான்தான் நாமினேட்டட் ரெப்ரசென்டேடிவ். தம்பி கணக்குல இருந்து பில்லுக்குப் பணம் எடுக்கலாம்தானே?" முடியாது என்றேன். ஏன் முடியாது என்று சொல்ல 1858க்குப் போக வேண்டியிருந்தது. நம்மில் பல வீடுகளில் இந்தக் கேள்வி இருப்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி ஆட்சி முடிந்த 1858லேயே இதற்கென்று மூன்று சட்டங்கள் வந்தன. இரண்டு, புத்தி சுவாதீனம் இல்லாதவரையும் அவர் சொத்தையும் கோர்ட் யார் கையில் ஒப்படைப்பது என்பதைப் பற்றி. மூன்றாவதுதான் அசைலம் பற்றி. அப்போது சித்தூர் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகர். 1911ல் சித்தூர் தனி ஜில்லா ஆனது. அடுத்த வருடமே, 1912ல், அந்தப் பழைய சட்டங்களையெல்லாம் திரட்டி இந்தியன் லூனசி ஆக்ட் வந்தது. ஜில்லாவும் சட்டமும் கிட்டத்தட்ட ஒரே வயசு.

அந்தச் சட்டத்தில் ஆளை அடைக்க ஒரு வழி, சொத்தைக் காக்க இன்னொரு வழி. அடைப்பதற்குப் பெயர் "ரிசப்ஷன் ஆர்டர்". (நமக்கு ரிசப்ஷன் என்றால் கல்யாண மண்டபம்தான் ஞாபகம் வரும் :-) ) உறவினர் மனுப் போட வேண்டும், இரண்டு டாக்டர் சர்டிபிகேட் இணைக்க வேண்டும், மாஜிஸ்டிரேட் கையெழுத்திட வேண்டும். பிறகு ஆளை மெட்ராஸுக்கு அழைத்துப் போவார்கள். 1794ல் தொடங்கிய அந்த அசைலம் 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியிருந்தது. "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆனது அப்படித்தான்.

சொத்துக்கான வழி "இன்க்விசிஷன்". ஜில்லா கோர்ட் விசாரித்து, இவர் தன்னையும் தன் காரியங்களையும் பார்த்துக்கொள்ள இயலாதவர் என்று தீர்மானித்தால், ஆளுக்கு ஒரு கார்டியன், சொத்துக்கு ஒரு மேனேஜர். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு. நோயாளியின் வாரிசை அவருடைய ஆள் கார்டியனாக நியமிக்கக் கூடாது. நியமித்தால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். அவர் செத்தால் யாருக்கு லாபமோ, அவரிடமே அவரை ஒப்படைக்காதே என்று அர்த்தம். வெள்ளைக்காரனுக்கு நம் பங்காளிச் சண்டை நன்றாகவே புரிந்திருக்கிறது.

ஆக சட்டத்தில் இரண்டும் தனித்தனி. ஜனங்கள் மனதில்தான் ஒன்றாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் கையெழுத்து செல்லாது என்று இன்றைக்கும் பங்காளிகள் சொல்வார்கள். பி.காம் படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா பேப்பரில் ஒப்பந்தச் சட்டம் ஞாபகம் இருக்கலாம். 1872ன் அந்தச் சட்டம் 12ஆம் பிரிவில் ஒரு உதாரணம் தருகிறது. அசைலத்தில் இருக்கும் நோயாளிகூட, நடுநடுவே தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம். 1872ல்!

1953ல் சித்தூர் ஆந்திராவுக்குப் போனது, கீழ்ப்பாக்கம் வேறு மாநிலமாகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் பலர் எல்லை தாண்டி வேலூருக்குப் போனார்கள். அங்கே சி.எம்.சி. 1957ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் வீட்டாரும் நோயாளியோடு கூடவே தங்க வேண்டும். கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது என்ற பழக்கத்துக்கு நேர் எதிர்.

1987ல் புதிய சட்டம், அமலுக்கு வந்தது 1993ல். லூனடிக் போய் "மனநோயாளி" வந்தார். ரிசப்ஷன் ஆர்டரும் இன்க்விசிஷனும் அப்படியே இருந்தன. எந்த ஆர்டரும் இல்லாமல் கட்டிப்போடுவதும் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். அவர்களை அங்கே விட்டது சொந்தக்காரர்கள்தான்.

2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018ல் அமலானது. ரிசப்ஷன் ஆர்டர் ஒழிந்தது, சங்கிலிக்குத் தடை வந்தது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடமாட்டார், அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும் என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். சம்மதம் தர முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்க, நாமினேட்டட் ரெப்ரசென்டேடிவ் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். முதலில் 30 நாள்தான். ஆண் என்றால் 7 நாளுக்குள், பெண் என்றால் 3 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். திருப்பதி மாதிரி யாத்திரை ஊரில் ஆதரவின்றித் திரிபவரைப் போலீஸ் கண்டால், லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும்.

நண்பரின் குழப்பத்துக்கு வருவோம். பெயரில் "நாமினி" சாயல் இருப்பதுதான் வினை. வங்கி நாமினிக்குப் பணம் வருவது கணக்குக்காரர் இறந்த பிறகு. நாமினேட்டட் ரெப்ரசென்டேடிவ் உயிரோடு இருக்கும்போது, சிகிச்சைக்கு மட்டும். இரண்டு பேருமே செக் புத்தகத்தைத் தொட முடியாது. பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதே என்பீர்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அதுவும் அத்தோடு முடிந்தது, ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு. வெளிநாட்டுக்காரர்கள் பெரிதும் நம்பியிருப்பது அந்தக் காகிதத்தைத்தான்!

பழைய சட்டத்தின் சொத்து மேனேஜருக்கு 2017ல் மாற்றாக எதையும் வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. 2016ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் "வரையறுக்கப்பட்ட கார்டியன்" உண்டு. அவர் தனியாக முடிவெடுப்பவர் அல்ல, சம்பந்தப்பட்டவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர். கோமாவில் கிடப்பவர்களுக்கு 2019ல் கேரள ஹைகோர்ட் ரிட் மனுவிலேயே கார்டியன் நியமிக்க வழி சொன்னது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு என்றால் 1999ன் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் கமிட்டி கார்டியன் சர்டிபிகேட் தரும். வங்கிகள் அதை ஏற்க வேண்டும் என்று 2007லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், பழைய காகிதத்தில் சித்தூர் என்று இருந்தாலும் உங்கள் மண்டலம் இப்போது எந்த கலெக்டருக்குக் கீழ் என்று கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

நண்பரின் தம்பி இப்போது தேவலை. தெளிவாக இருக்கும் ஒரு நாளில் வங்கிக்கு அழைத்துப் போய், செக்கில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றேன். 1872 உதாரணத்தையும் மேனேஜரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.