ஊசியும் நரம்பும் வயிறும்

கோலாலம்பூரின் வரலாற்றைக் கட்டடங்களைக் கொண்டு மட்டும் எழுதினால், அங்கு உழைத்தோரின் நோயும் மருந்தும் விடுபட்டுப் போகும். ஈயச் சுரங்கத் தொழிலாளரின் பிணி தீர்க்க யாப் குவான் செங் 1881இல் தொடங்கிய மருந்தகமே, இன்று புடு சாலையில் துங் ஷின் மருத்துவமனையாக விளங்குகிறது. அங்கு நவீன மருத்துவமும், அக்குபங்சர் உள்ளிட்ட சீன மருத்துவமும் அருகருகே நடைபெறுகின்றன.

1971இல் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவைக்கு ஆளான அமெரிக்க இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், பின்னர் எழுந்த வயிற்று உப்புசம், முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி ஏற்றியபின் தணிந்ததாக எழுதினார். உலகின் கவனம் இம்முறையின்பால் திரும்பியது.

காலில் ஏற்றிய ஊசி வயிற்றை எவ்வாறு எட்டும்? ஜப்பானிய ஆய்வாளர் சாத்தோ குழுவினர், மயக்கமூட்டிய எலிகளில் கண்டவற்றை 1993இல் வெளியிட்டனர். வயிற்றுப் பகுதியில் செய்த தூண்டல், தண்டுவடத்தையும் பரிவு நரம்பையும் பற்றி இரைப்பையின் அசைவைத் தளர்த்தியது. பின்னங்காலில் செய்த தூண்டலோ, மூளையை எட்டி, வேகஸ் நரம்பின் வழியே அவ்வசைவை மிகுத்தது. இரண்டும் அனிச்சைச் செயல்களே. எலியில் கண்ட இவ்விளைவு, மனிதரின் வயிற்று நோய் தீரும் என்பதற்குச் சான்றாகாது. வழி ஒன்று உண்டு என்பதற்கே சான்றாகும்.

பண்டைத் தமிழர் யாழின் தந்தியையும் நரம்பு என்றனர். பெயர் நம்மிடம் உண்டு, ஆய்வும் வேண்டும். மலேசியாவின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் சீன, இந்திய மருத்துவங்களை ஒரே நெறிக்குள் கொணர்ந்துள்ளது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நாம் போற்றும் சித்த, வர்ம மரபுகளையும் இவ்வாறே சோதனைக்கு உட்படுத்துவோம். சோதனைக்கு அஞ்சாத மரபே மாணவரிடம் நிலைக்கும்.